ஊர்ப்புற ஷெரீஃப் ஆபீஸ் சம்பளத்துக்கு ஸ்டேட் காசு குடுக்குறது சரியா? (டெக்சஸ், செனட் பில் 22)

லியாண்டர்_செந்தில் (இழை தொடங்கியவர்)

மக்களே, போன வாரம் ஃபேமிலியோட பிக் பெண்ட் நேஷனல் பார்க் போயிட்டு திரும்பி வரும்போது மேற்கு டெக்சஸ்ல ஒரு கவுன்டி (நம்மூரு மாவட்டம் மாதிரி) ரோட்ல டயர் போச்சு. ஸ்பேர்லயும் காத்து இல்ல, போன்ல டவர் வருது போகுது, பின்சீட்ல ரெண்டு வாண்டும் பசிக்குதுன்னு ஒப்பாரி. ஒருவழியா 911 லைன் கிடைச்சு ஒன்னேகால் மணி நேரம் கழிச்சு ஒரு டெபுடி (ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரர்) வந்தாரு. தங்கமான மனுஷன். அவரே கம்ப்ரஸர் எடுத்து காத்தடிச்சு குடுத்துட்டு, பசங்களுக்கு வண்டில இருந்த சிப்ஸ் பாக்கெட்டும் குடுத்தாரு. பேச்சுவாக்குல கேட்டேன், எவ்ளோ பேரு சார் ட்யூட்டில இருக்கீங்கன்னு. "இன்னிக்கு ராத்திரிக்கு நான் மட்டும்தான்"ன்னாரு. முழு கவுன்டிக்கும்!

அப்புறம் சொன்னாரு, ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் சம்பளம் ரொம்ப கம்மி, ஆயில் ஃபீல்டுல லாரி ஓட்ட போறதா இருந்தேன், ஸ்டேட் கிராண்ட்டுன்னு ஒன்னு வந்துச்சு, சம்பளம் ஏறுச்சு, இருந்துட்டேன்னு.

வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா 2023ல போட்ட சட்டம், செனட் பில் 22. மூணு லட்சம் ஜனத்தொகைக்குள்ள இருக்குற கவுன்டிக்கு மட்டும்தானாம். நான் இருக்குற வில்லியம்சன் கவுன்டி ஆறு லட்சத்துக்கு மேல, அதனால நயா பைசா கிடையாது. அந்த டெபுடிய நெனச்சா நல்ல விஷயம்னு தோணுது, ஆனா சேல்ஸ் டாக்ஸ் கட்டுறது நாங்க, நாளைக்கு எங்க ஷெரீஃபுக்கு ஆள் பத்தலன்னா எங்க ப்ராப்பர்ட்டி டாக்ஸ்ல கை வெப்பாங்க. இது நியாயமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நெல்லை_சுடலை

செந்திலண்ணே மொதல்ல ஒரு சந்தேகம். ஷெரீஃப்னா யாரு, நம்மூரு எஸ்பி மாதிரியா? எங்க தாத்தா காலத்துல மெட்ராஸ் ஷெரீஃப்னு ஒரு கௌரவப் பதவி இருந்துச்சாம், மாலை போட்டு மேடைல உக்கார வெப்பாவ, அவ்ளோதான் வேலை. அங்க துப்பாக்கியெல்லாம் வச்சிருக்காவ. இன்னொன்னு, போலீஸ் சம்பளத்த ஸ்டேட் குடுக்குறதுல என்ன விவாதம் வேண்டிக்கெடக்கு? நம்மூர்ல நாங்குநேரில இருக்க கான்ஸ்டபிளும் அண்ணாநகர்ல இருக்க கான்ஸ்டபிளும் ஒரே அடிப்படை சம்பளம் 18,200ல தானே ஆரம்பிக்காவ.

---

கவுன்டி_கணக்கன்

நான் மேற்கு டெக்சஸ்ல ஒரு சின்ன கவுன்டில ஆடிட்டர் ஆபீஸ்ல ஏழு வருஷமா வேலை பாக்குறேன், இந்த கிராண்ட் அப்ளிகேஷன் ஃபைல் பண்றது என் டேபிள்தான். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

சுடலை தம்பி கேட்டதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. நம்மூர்ல போலீஸ் ஸ்டேட் துறை. இங்க அப்படி இல்ல. ஷெரீஃப்ங்கிறவர் நாலு வருஷத்துக்கு ஒருதடவ ஓட்டு வாங்கி ஜெயிச்சு வர்றவர், அவருக்கும் அவரோட டெபுடிக்கும் ஜெயில் ஆளுங்களுக்கும் சம்பளம் போடுறது கவுன்டி. கவுன்டின்னா கமிஷனர்ஸ் கோர்ட். பேருதான் கோர்ட், கேஸ் நடத்துற எடம் இல்ல, ஒரு கவுன்டி ஜட்ஜும் நாலு கமிஷனரும் உக்காந்து பட்ஜெட் போடுற எடம். அந்த பட்ஜெட்டுக்கு காசு பெரும்பாலும் வீட்டு வரி நில வரிதான். டெக்சஸ்ல இன்கம் டாக்ஸ் கிடையாது. 2019ல இன்னொரு சட்டம் வேற போட்டாங்க, பொதுவா போன வருஷ வரவவிட மூன்றரை சதவீதத்துக்கு மேல வரி ஏத்தணும்னா ஜனங்ககிட்ட ஓட்டுக்கு போகணும்னு (முன்னாடி எட்டு சதவீதம்). சின்ன கவுன்டில மூன்றரை சதவீதம்னா என்ன வரும்? ஒரு பேட்ரோல் வண்டி வாங்குனா தீந்துச்சு.

இப்போ டெக்சஸ்ல மொத்தம் 254 கவுன்டி. ப்ரூஸ்டர் கவுன்டின்னு ஒன்னு, செந்தில் போன பிக் பெண்ட் அதுலதான் இருக்கு, ஆறாயிரம் சதுர மைலுக்கு மேல, கனெக்டிகட் ஸ்டேட்டையே தூக்கி உள்ள போட்டாலும் எடம் மிஞ்சும். 2020 சென்சஸ்ல ஜனத்தொகை 9,546. பத்தாயிரம் பேர் கூட இல்லாத ஜனங்க கட்டுற வரில அவ்ளோ பெரிய எடத்த காவல் காக்கணும், ஜெயில் நடத்தணும். ஜெயில்லயும் 48 கைதிக்கு ஒரு ஆளுன்னு ஸ்டேட் ரூல் போட்டு வச்சிருக்கு, ஆள் கொறஞ்சா ஜெயில் கமிஷன்ல இருந்து நோட்டீஸ் வந்துரும். ரூல் போடுறவன் ஒருத்தன், காசு தேடுறவன் ஒருத்தன்.

2023 செஷன்ல ஸ்டேட் கையில 32.7 பில்லியன் டாலர் உபரி இருந்துச்சு, அந்த நேரம் பாத்து வந்த பில் இது. ரெண்டு வருஷத்துக்கு 330 மில்லியன் ஒதுக்குனாங்க. கணக்கு இதான்:

ஜனத்தொகை பத்தாயிரத்துக்கு கீழ இருந்தா ஷெரீஃப் ஆபீசுக்கு வருஷம் 2,50,000 டாலர். பத்தாயிரத்துல இருந்து அம்பதாயிரம் வரைக்கும் 3,50,000. அதுக்கு மேல மூணு லட்சம் வரைக்கும் 5,00,000. அரசு வக்கீல் ஆபீசுக்கு தனியா 1,00,000, 1,75,000, 2,75,000. கான்ஸ்டபிளுக்கும் (இங்க அது நம்மூரு கான்ஸ்டபிள் இல்ல, கவுன்டில ஒரு பகுதிக்கு ஓட்டுல ஜெயிச்சு வர்ற காவல் அதிகாரி) ஒரு சின்ன பங்கு உண்டு.

ஆனா சும்மா குடுக்கல. காசு வாங்குனா ஷெரீஃபுக்கு கொறஞ்சது 75,000, ரோட்ல வண்டி நிறுத்துற டெபுடிக்கு 45,000, ஜெயிலருக்கு 40,000 குடுத்தே ஆகணும். (ஜெயிலர்னா நம்மூரு மாதிரி தொப்பி வச்ச பெரிய ஆபீசர்னு நெனச்சுராதீங்க, நம்ம வார்டர் வேலை.) அத குடுத்து முடிச்சு மிச்சம் இருந்தா இன்னும் சம்பளம் ஏத்தலாம், புது ஆள் எடுக்கலாம், வண்டி, துப்பாக்கி, பாதுகாப்பு சாமான் வாங்கலாம். அப்புறம் முக்கியமான கண்டிஷன், ஸ்டேட் காசு வருதேன்னு கவுன்டி தன் கையில இருந்து குடுத்துட்டு இருந்தத கொறைக்கக் கூடாது.

---

கோவை_டு_டல்லாஸ்

ஏனுங்க கணக்கரே, நீங்க சொல்றதெல்லாம் சரிங்க, ஆனா எனக்கு ஒன்னு புரியலைங்க. சம்பளம் கம்மியா இருந்தா ஆள் வரமாட்டான், ஆள் வரலைன்னா அந்த ஊர்க்காரங்க வரிய ஏத்தி குடுக்கட்டும்ங்க, இல்லாட்டி ரெண்டு கவுன்டி சேந்து ஒரு ஷெரீஃப் வச்சுக்கட்டும். 254 கவுன்டி எதுக்குங்க? லவிங் கவுன்டின்னு ஒன்னு, 2020 சென்சஸ்ல மொத்தமே 64 பேருங்க. எங்க அபார்ட்மெண்ட் ப்ளாக்லயே அதவிட ஜாஸ்தி. அதுக்கும் ரெண்டரை லட்சத்துக்கு தகுதி இருக்குதுங்க. ஆளுக்கு 3,900 டாலர் வருது! அதும் ஆயில் கொட்டுற கவுன்டி, பஞ்சப்பாட்டு பாடுற எடம் இல்லைங்க.

எதிர்ப்பக்கம் பாருங்க, வெப் கவுன்டி, லரேடோ இருக்கற எடம், 2,67,000 பேரு. அவங்களுக்கு அஞ்சு லட்சம். ஆளுக்கு ரெண்டு டாலர் கூட வரல. இது என்ன கணக்குங்க? தலைய எண்ணாம படிக்கட்ட எண்ணுற கணக்கு.

---

லியாண்டர்_செந்தில்

அதேதான் பாஸ். 9,900 பேரு இருந்தா ரெண்டரை, நூறு பேரு கூடுனா மூன்றரை. அப்போ 51,000 பேர் இருக்கற கவுன்டியும் லரேடோவும் ஒன்னா??

---

கவுன்டி_கணக்கன்

படிக்கட்டு கணக்கு மோசம்தான், மறுக்கல. நானே கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற பக்கத்து கவுன்டிய பாத்து பெருமூச்சு விட்டிருக்கேன். ஆனா ஆளுக்கு இவ்ளோன்னு வகுத்தா எங்க மாதிரி எடத்துக்கு ஒன்னுமே வராது, அதையும் பாக்கணும். நாப்பது பேர் இருந்தாலும் நாப்பதாயிரம் பேர் இருந்தாலும் ராத்திரி ஒரு வண்டி ஓடியே ஆகணும்ல. ஊர் சின்னதுன்னு திருடன் வராம இருக்கானா.

ரெண்டு கவுன்டிய சேக்குறது பத்தி: ஷெரீஃப் பதவி ஸ்டேட் அரசியல் சட்டத்துலயே இருக்கு, கவுன்டிக்கு ஒருத்தர். ஆபீஸ்ல ஆடிட்டர் நெனச்சா கலைக்க முடியாது. கவுன்டிய சேக்கணும்னு எந்த எம்எல்ஏவாவது வாயத் தொறந்தா அடுத்த தேர்தல்ல அவர் வீட்டுலயே உக்காந்துக்கலாம்.

ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், எங்க கவுன்டி இல்ல, சும்மா உதாரணத்துக்கு. எட்டாயிரம் பேர் உள்ள கவுன்டி, எட்டு டெபுடி ஆளுக்கு 36,000, ஆறு ஜெயிலர் ஆளுக்கு 31,000, ஷெரீஃபுக்கு 58,000ன்னு வச்சுக்கங்க. தரைய, அதாவது அந்த கொறஞ்சபட்ச சம்பளத்த, தொடணும்னா கூடுதலா டெபுடிக்கு 72,000, ஜெயிலருக்கு 54,000, ஷெரீஃபுக்கு 17,000. மொத்தம் 1,43,000. அதுக்கு மேல 7.65 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டி மெடிகேர் பங்கு கிட்டத்தட்ட பதினோராயிரம், அப்புறம் ரிட்டையர்மெண்ட் பங்கு. ஆக ரெண்டரை லட்சத்துல சுமாரா தொண்ணூறாயிரம் மிஞ்சும். இந்த தொண்ணூறாயிரத்த என்ன பண்றாங்கங்கிறதுலதான் கவுன்டிக்கு கவுன்டி கூத்து. ஒரு எடத்துல ரெண்டு டெபுடி புதுசா எடுப்பாங்க. இன்னொரு எடத்துல டாஹோ வண்டி வாங்குவாங்க. மிச்சமானா ஸ்டேட்டுக்கே திருப்பி அனுப்பணும், அதனால வருஷக் கடைசில அவசர அவசரமா வேஸ்ட் வாங்குற கதையும் நடக்கும், நான் பாக்கலன்னு சொல்ல மாட்டேன் 😄

---

நெல்லை_சுடலை

மார்ச் மாசம் எல்லா ஊர்லயும் மார்ச் மாசந்தான் போல 😂😂

---

மருந்துக்கடை_மீனா

நான் கிழக்கு டெக்சஸ்ல ஒரு சின்ன டவுன்ல பார்மசிஸ்ட். இந்த சட்டத்தால எங்க டவுன்ல நடந்தத சொல்றேன், யாரும் இத பேசல.

இந்த காசு ஷெரீஃப் ஆபீசுக்கு, கான்ஸ்டபிளுக்கு, அரசு வக்கீலுக்கு. சின்ன டவுன் முனிசிபல் போலீசுக்கு கிடையாது! எங்க டவுன் போலீஸ்ல சீஃபையும் சேத்து அஞ்சு பேர்தான். கிராண்ட் வந்ததும் ஷெரீஃப் ஆபீஸ்ல 45,000 ஆயிருச்சு, டவுன்ல அதவிட கம்மி. ஒரே ஊர்ல, அதே தெருவுல, ஒரு மைல் தள்ளி இருக்கற ஆபீசுக்கு மாறுனா சம்பளம் கூட. ரெண்டு பேர் போயிட்டாங்க. எங்க கடை பத்து மணிக்கு மூடும், முன்னாடி மூடும்போது ஒரு ஆபீசர் வண்டிய கடை முன்னாடி நிறுத்தி நான் கார்ல ஏறுறவரைக்கும் நின்னு பாத்துட்டு போவாரு (மாத்திரைக்காக கடை ஒடைக்கிறவங்க இருக்காங்க, பார்மசில இருக்கறவங்களுக்கு தெரியும்). அவரு இப்ப ஷெரீஃப் ஆபீஸ்ல. சந்தோஷமா இருக்காரு, குழந்த பொறந்திருக்கு, நான் வாழ்த்துதான் சொன்னேன். ஆனா கடை மூடும்போது இப்ப யாரும் இல்ல.

ஸ்டேட் காசுல கவுன்டி பொழைச்சது, டவுன் காலியாச்சு. ஆள் மொத்தத்துல கூடல, எடம் மாறுனாங்க. அதான் என் ஆதங்கம்.

---

கவுன்டி_கணக்கன்

மீனா மேடம் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க பக்கமும் இதே. சட்டம் எழுதும்போது கவுன்டிய மட்டும் பாத்தாங்க, கவுன்டிக்குள்ள இருக்கற டவுன பாக்கல.

---

ஸ்காபரோ_சிவா

வணக்கம், நான் கனடாவில இருக்கிறன், உங்கட கதை வாசிக்க எங்கட ஒன்ராறியோ கதைதான் ஞாபகம் வருது. இஞ்ச சின்ன ஊர் கனக்க எண்டால் தங்கட சொந்தப் பொலிஸ் வைக்க காசில்லாமல் மாகாணப் பொலிசிட்ட காவல விட்டிருக்கினம். பில் ஊர்ச் சபைக்கு வரும். பொலிசுக்குச் சம்பள உடன்பாடு ஏறினவுடன 2025 பில் எகிறீற்று, சின்னச் சின்ன சபையெல்லாம் கத்தத் தொடங்கிட்டினம், பிறகு மாகாணம் 77 மில்லியன் டொலர் ஆறுதல் காசு குடுத்தது. அதாவது சம்பளத்த ஏத்தினதும் மாகாணம், பில் அனுப்பினதும் மாகாணம், கடைசில கழிவு குடுத்ததும் மாகாணம் 🙂 உங்கட ஆக்கள் கவுண்டிக்கு நேரடியா குடுக்கினம். ஆனா என்ர கேள்வி என்னெண்டால், இது எத்தின வருசத்துக்கு? எங்களுக்கு ஒரு வருசக் கதைதான் சொன்னவை.

---

கவுன்டி_கணக்கன்

சிவாண்ணே, எனக்கு ராத்திரி தூக்கம் வராத கேள்வி அதுதான்.

சட்டம் நிரந்தரம். 75, 45, 40ங்கிற தரை லோக்கல் கவர்மெண்ட் கோட்ங்கிற ஸ்டேட் சட்டத் தொகுப்புலயே எழுதியாச்சு, கிராண்ட் வாங்குறவரைக்கும் அது கட்டாயம். ஆனா காசு? டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஒத்தப்படை வருஷத்துல 140 நாள் கூடும், அப்ப போடுற ரெண்டு வருஷ பட்ஜெட்ல இந்தக் காசு இருக்கணும். 2023ல உபரில குடுத்தாங்க. எண்ணெய் வெல விழுந்து உபரி இல்லாத வருஷம் வந்தா? டெபுடி சம்பளத்த 45ல இருந்து 36க்கு இறக்க முடியுமா? இறக்குனா மறுநாள் எல்லாரும் பேட்ஜ மேஜைல வச்சுட்டு போயிருவான். இறக்கலைன்னா கவுன்டி தலைல, அங்க மூன்றரை சதவீத மூடி.

மத்திய அரசோட காப்ஸ் கிராண்ட்னு ஒன்னு 1994 கிரைம் சட்டத்துல இருந்து இருக்கு. அதுல ஒரு புது ஆள் எடுக்க மூணு வருஷத்துக்கு 75 சதவீதம், அதிகபட்சம் 1,25,000 டாலர் குடுப்பாங்க, முடிஞ்சப்புறம் ஒரு வருஷமாவது அந்த ஆள சொந்தக் காசுல வச்சிருக்கணும். சின்ன ஊர் பல பேரு அத அப்ளையே பண்ண மாட்டாங்க, ஏன்னா நாலாவது வருஷம் எங்க போறதுன்னு தெரியும். அதுல முடிவு தேதியாவது எழுதியிருக்கும். இதுல அதும் இல்ல. அதான் எங்க ஆபீஸ்ல நான் சண்டை போடுற ஒரே விஷயம்: தரைக்கு மேல மிஞ்சுற காசுல புது ஆள் எடுக்காதீங்க, நிறுத்துனா நின்னுபோற செலவுக்கு வைங்கன்னு. ஷெரீஃபுக்கு என்னைய கண்டா ஆகாது. அவருக்கு ஆள் வேணும், எனக்கு 2029 வேணும்.

---

கோவை_டு_டல்லாஸ்

அப்ப நான் சொன்னதுதானுங்களே! ஸ்டேட் காசுங்கறது அடுத்தவன் வீட்டு மோர். ஊத்தற வரைக்கும் கும்முனு இருக்கும்.

---

மருந்துக்கடை_மீனா

மோருங்கறீங்க, சரி. நாப்பதாயிரம் டாலர மணிக்கணக்குல வகுத்து பாத்தீங்களா? 2,080 மணி நேரத்துக்கு 19 டாலர் 23 சென்ட். பக்கீஸ்னு பெட்ரோல் பங்க் கடை இருக்கே, அதோட வாசல்ல போர்டு போட்டிருப்பாங்களே, காசாளருக்கு இவ்ளோ, பாத்ரூம் பாத்துக்கறவங்களுக்கு இவ்ளோன்னு, பதினெட்டு டாலருக்கு மேலதான ஆரம்பிக்குது. அங்க ஏசி, பீவர் பொம்மை, சிரிச்ச முகம். ஜெயில்ல கைதி எச்சி துப்புவான், தூக்கு மாட்டிக்காம பாத்துக்கணும், ராத்திரி பூரா நடக்கணும். ஏத்தினப்புறமே இதுதான் நெலமைன்னா அதுக்கு முன்னாடி 31,000த்துக்கு யாரு வருவா சொல்லுங்க. நீங்க "மார்க்கெட் பாத்துக்கும்"ங்கறீங்க, மார்க்கெட் பாத்துக்கிட்டுதான இருந்துச்சு, ஆளில்லாம.

---

நெல்லை_சுடலை

அக்கா 👏 பாத்ரூம் வேல பாத்தா ஜெயில் வேலைய விட நிம்மதி

---

டெக்ஸ்_வாசகன்

எல்லாரும் சம்பளம் சம்பளம்ங்கறீங்க. 2022 யுவால்டி ஸ்கூல் துப்பாக்கிச் சூடு மறந்துருச்சா? ராப் எலிமெண்டரி ஸ்கூல்ல 376 போலீஸ் வந்து நின்னாங்க, 19 குழந்தைங்க 2 டீச்சர் செத்தாங்க. ஆள் பத்தலையா? காசு பத்தலையா? காச கொட்டறதுக்கு முன்னாடி ட்ரெய்னிங் குடுங்க.

---

கவுன்டி_கணக்கன்

வாசகன், அந்த கோவம் எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் ரெண்டு பொண்ணு ஸ்கூல் போறாங்க. ஆனா அந்த 376ல பெரும்பங்கு பார்டர் பேட்ரோலும் (மத்திய அரசோட எல்லைக் காவல்) ஸ்டேட் போலீசும், சட்டசபை கமிட்டி ரிப்போர்ட்லயே இருக்கு. பார்டர் பேட்ரோல் மட்டும் 149, கவுன்டி ஷெரீஃப் ஆபீஸ் ஆளுங்க 16 பேர். அங்க கோளாறு யாரு தலைமை ஏக்குறதுங்கிறதுல. அது வேற நோய், இந்த மருந்து அதுக்கு இல்ல.

ஆனா ட்ரெய்னிங்குக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல முடியாது. சின்ன கவுன்டில பையன எடுத்து அகாடமிக்கு அனுப்பி லைசன்ஸ் வாங்க வச்சு, பழகி, எந்த பண்ணை கேட்டுக்கு எந்த பூட்டு, எந்த வீட்டு தாத்தா குடிச்சா துப்பாக்கி எடுப்பாருன்னு தெரியறதுக்கு ரெண்டு மூணு வருஷம். தெரிஞ்சதும் பெரிய சிட்டி தூக்கிட்டு போயிரும். அவங்களுக்கு நாங்க இலவச கோச்சிங் சென்டர். கிராண்ட் வந்ததும் அந்த போக்கு கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னு எங்க ஷெரீஃப் சொல்றாரு, அவரு வாய் வார்த்தைதான், நான் நம்பர் வச்சு நிரூபிக்க முடியாது.

இன்னொரு தலைவலிய மறந்துட்டேன். பதினோரு வருஷம் சர்வீஸ் போட்ட ஒரு சார்ஜென்ட் 46,000 வாங்கிட்டு இருக்காருன்னு வைங்க. நேத்து வந்த பையன் 45,000. அவரு என் டேபிள் முன்னாடி வந்து நின்னு ஒன்னும் பேசல, பேஸ்லிப்ப மட்டும் வச்சுட்டு போனாரு. தரைய ஏத்துனா மேல இருக்கறவங்களயும் ஏத்தணும், அதுக்குதான் அந்த மிச்சக் காசுல பாதி போகுது. ஜனங்க அத "எக்ஸ்ட்ரா"ன்னு நெனைக்கறாங்க, எக்ஸ்ட்ரா இல்ல அது.

---

லியாண்டர்_செந்தில்

கணக்கன் சார் நீங்க சொல்றது புரியுது, ஆனா என் மொத கேள்விக்கு பதில் வரல. எங்க வரிய உங்க கவுன்டிக்கு ஏன் குடுக்கணும்? ஹாரிஸ்ல நாப்பத்தேழு லட்சம் பேர், டல்லாஸ், டாரண்ட், பேக்சார், ட்ராவிஸ், நாங்க, இப்படி 18 கவுன்டிய வெளிய தள்ளி மிச்சம் 236க்கு குடுத்திருக்காங்க. டெக்சஸ் ஜனத்தொகைல பெரும்பாலானவங்க அந்த பதினெட்டுலதான் இருக்கோம்.

---

கவுன்டி_கணக்கன்

செந்தில், உங்க டயர் எங்க போச்சு?

---

லியாண்டர்_செந்தில்

😂😂 சரி சரி ஒத்துக்கறேன்

---

கவுன்டி_கணக்கன்

நக்கலுக்கு சொல்லல. எங்க கவுன்டி ரோட்ல விபத்துன்னு போனா பாதி வண்டி ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின்காரங்களோடதுதான். வேட்டைக்கு வர்றது நீங்க, பார்க்குக்கு வர்றது நீங்க. ஆயில் லாரி ஓடுறது உங்க பெட்ரோலுக்கு. எங்க ரோட்ட நீங்க யூஸ் பண்ணும்போது காவலுக்கு கொஞ்சம் போடுறது அநியாயமில்லன்னு நான் நெனைக்கறேன். நீங்க ஒத்துக்கலன்னாலும் சண்டை இல்ல.

அரசு வக்கீல் பங்குக்கும் ஒரு காரணம் இருக்கு. 1998ல ஜாஸ்பர்ல ஜேம்ஸ் பேர்டுன்னு ஒரு கறுப்பின மனுஷர மூணு பேரு பிக்கப் வண்டில கட்டி இழுத்து கொன்னானுங்க, உலகம் பூரா பேசுன கேசு. மூணு விசாரணை நடத்த அந்த சின்ன கவுன்டி வீட்டு வரிய ஏத்த வேண்டி வந்துச்சு. ஒரே ஒரு கொலைகாரக் கும்பல் ஒரு கவுன்டியோட பட்ஜெட்ட சாச்சுர முடியும். ரெண்டு வக்கீல் வச்சுட்டு இருக்கற ஆபீஸ்ல ஒரு பெரிய கொலை கேஸ் வந்தா திருட்டு கேஸ் எல்லாம் அப்படியே நிக்கும். நல்ல வக்கீல் யாரும் அந்த சம்பளத்துக்கு வர மாட்டான். என்னைய கேட்டா இந்த சட்டத்துல யாரும் கொண்டாடாத, ஆனா உருப்படியான பகுதி அதுதான்.

---

கைல்_பிரியா

லேட்டா வரேன். நான் ஹேய்ஸ் கவுன்டி, ஆஸ்டினுக்கு கீழ. 2020 சென்சஸ்ல 2,41,067. இங்க தெனம் ஒரு புது லேஅவுட் முளைக்குது. 3 லட்சம் தாண்டுனா உடனே காசு போயிருமா?

---

கவுன்டி_கணக்கன்

உடனே போகாது. டெக்சஸ் சட்டத்துல ஜனத்தொகைன்னா பத்து வருஷத்துக்கு ஒருதடவ எடுக்குற சென்சஸ் நம்பர்தான். 2030 எண்ணிக்கை வர்ற வரைக்கும் நீங்க பேப்பர்ல 2,41,067 பேர்தான், எத்தன லேஅவுட் வந்தாலும். புது நம்பர் மூணு லட்சத்த தாண்டிருச்சுன்னா அஞ்சு லட்சம் டாலர் ஷெரீஃப் பங்கும் 2,75,000 வக்கீல் பங்கும் ஒரே அடியா நிக்கும், படி இறங்குற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இல்ல. உங்க ஆடிட்டர் ஆபீஸ்ல யாராவது இத யோசிச்சிருப்பாங்கன்னு நம்புவோம். கமிஷனர்ஸ் கோர்ட் மீட்டிங் பொதுவுல நடக்கறதுதான், போய் மூணு நிமிஷம் மைக்ல கேளுங்க. ஹால்ல கூட்டமே இருக்காது.

---

கைல்_பிரியா

போறேன். ஆபீஸ் நேரத்துல மீட்டிங் வைக்கறாங்களே அதான் கடுப்பு.

---

மருந்துக்கடை_மீனா

நானும் எங்க டவுன் கவுன்சில்ல கேட்டேன். எங்களுக்கும் இதே மாதிரி ஒன்னு போட்டா என்னன்னு எம்எல்ஏ ஆபீசுக்கு லெட்டர் எழுதறதா சொல்றாங்க. 2025ல இதே மாடல்ல ஊர்ப்புற ஆம்புலன்சுக்கு கிராண்ட் சட்டம் போட்டாங்கல்ல, அப்ப டவுன் போலீசுக்கும் போடலாமே.

---

கோவை_டு_டல்லாஸ்

பாத்தீங்களாங்க, மொதல்ல ஷெரீஃபு, அப்புறம் ஆம்புலன்ஸ், இப்ப டவுன் போலீசு. நாளைக்கு நூலகம், நாய் புடிக்கறவரு. நான் எதுத்து பேசிக்கிட்டே இருப்பேனுங்க, ஆனா மீனாம்மா நீங்க கடைய பத்து மணிக்கு மூடாதீங்க, எட்டுக்கே மூடிருங்க.

---

மருந்துக்கடை_மீனா

எட்டுக்கு மூடுனா ராத்திரி குழந்தைக்கு காய்ச்சல்னு வர்றவங்க அடுத்த பார்மசிக்கு 40 மைல் போகணும் அண்ணா.

---

ஸ்காபரோ_சிவா

கணக்கன் தம்பி, இந்த வருச விண்ணப்பம் போட்டாச்சோ?

---

கவுன்டி_கணக்கன்

எங்க நிதி வருஷம் அக்டோபர் 1 தொடங்குது அண்ணே. அதுல இருந்து முப்பது நாளைக்குள்ள கம்ப்ட்ரோலர் ஆபீசுக்கு (ஸ்டேட்டோட கஜானா) போயிரணும், ஒரு நாள் தவறுனா அந்த வருஷம் கோவிந்தா. ஷெரீஃப் இன்னும் டெபுடி லிஸ்ட்ல கையெழுத்து போடல, மான் வேட்டை சீசனுக்கு முன்னாடி புடிச்சாகணும். நாளைக்கு காலைல டோனட் வாங்கிட்டு அவரு ஆபீஸ்ல போய் உக்காரப் போறேன்.